குழந்தைக்கு முதல் சோறு, ராத்திரித் தூக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்கு ஆறு மாதம் நெருங்கும்போது வீட்டில் இரண்டு பேச்சு சேர்ந்தே கிளம்பும். "எப்போ சோறு ஊட்டப் போறீங்க?" என்பது ஒன்று. "ராத்திரி தூங்குறானா?" என்பது இன்னொன்று. இரண்டையும் முடிச்சுப் போட்டு, "வயிறு நிறையக் கூழ் கொடு, விடியற வரைக்கும் அசைய மாட்டான்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். என் பெரியவளுக்கு நான் அதை நம்பித்தான் ராத்திரி எட்டரை மணிக்குக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். அவள் பன்னிரண்டுக்கும் எழுந்தாள், மூன்றுக்கும் எழுந்தாள். சின்னவன் பிறந்தபோது சோற்றை ஒரு பக்கமும் தூக்கத்தை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தேன். இரண்டுமே எளிதானது.

நான் மருத்துவர் இல்லை. குழந்தை மருத்துவரிடம் கேட்டது, படித்தது, இரண்டு பிள்ளைகளிடம் பார்த்தது ஆகியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தத்திலும் தெருவிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை ஏறாத குழந்தை, வேறு உடல்நலக் குறை உள்ள குழந்தை என்றால் உங்கள் மருத்துவர் சொல்வதையே கேளுங்கள்.

நாலு மாதத்தில் ஆரம்பிக்கலாமா, ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டுமா?

ஆறு மாதம் முடியட்டும். நாள் கணக்கில் 180. அதுவரை தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகு உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்வதும் இதுவே.

நாளோடு குழந்தையையும் பாருங்கள். கழுத்து நின்றிருக்க வேண்டும். பிடித்து உட்காரவைத்தால் சாயாமல் இருக்க வேண்டும். நீங்கள் சாப்பிடும்போது உங்கள் கையைப் பார்த்து வாயைத் திறக்கும், தட்டை இழுக்கும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் குறைந்திருக்கும். நாலு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் இதற்குத் தயாராக இருப்பதில்லை.

சோறூட்டும் சடங்கு பற்றியும் கேட்கிறார்கள். பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படை மாதம் என்று சில குடும்பங்களில் ஐந்தாம் மாதமே நாள் குறித்துவிடுவார்கள். ஏழாம் மாதமும் ஒற்றைப்படைதானே. ஆறு மாதம் முடிந்து வரும் மாதம் அதுதான். குலதெய்வக் கோயிலில் அன்றைக்கு ஊட்டலாம், பெரியவர்கள் மனமும் நோகாது.

ராத்திரி கெட்டியாகக் கூழ் கொடுத்தால் விடியும் வரை தூங்குமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. பதில்: அநேகமாக இல்லை.

இதைச் சரியாகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1989-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், ஐந்து வாரக் குழந்தைகளுக்கே படுக்கும் முன் புட்டிப்பாலில் தானிய மாவு கலந்து கொடுத்தார்கள். நாலு மாதத்தில் ஆரம்பித்த குழந்தைகளோடு ஒப்பிட்டபோது தூக்கத்தில் வித்தியாசம் இல்லை. 2015-இல் பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் குழந்தை வைத்திருந்த எழுநூறுக்கும் அதிகமான தாய்மார்களிடம் கேட்டார்கள். பத்தில் எட்டுக் குழந்தைகள் ராத்திரியில் ஒரு தடவையாவது எழுந்தன. பகலில் அதிக உணவு சாப்பிட்ட குழந்தைகள் ராத்திரிப் பால் கேட்டது குறைவு, ஆனால் எழுவது குறையவில்லை.

வேறு மாதிரி முடிவும் ஒன்று உண்டு. 2018-இல் வெளியான ஆய்வு அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1303 குழந்தைகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று மாதத்திலிருந்தே உணவு கொடுத்தார்கள். ஆறு மாத வயதில் அந்தக் குழந்தைகள் ஒரு ராத்திரிக்குச் சுமார் 17 நிமிடம் கூடுதலாகத் தூங்கின. மற்ற பாதிக் குழந்தைகள் சராசரியாக 2.01 தடவை எழுந்தபோது, இவை எழுந்தது 1.74 தடவை. இருக்கிறவற்றிலேயே நல்ல முடிவு இது, அதிலும் கிடைத்தது 17 நிமிடம்தான். இதற்காக நாலு மாதக் குழந்தையின் வாயில் கூழைத் திணிக்க வேண்டியதில்லை.

குழந்தை எழுவதற்குப் பசியும் ஒரு காரணம். ஆனால் தூக்கம் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குப் போகும் இடத்தில் விழித்துக்கொள்வது, சிறுநீர் ஈரம், வியர்வை, பல், கொசு, அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்ற தேடல் என்று இன்னும் பல உண்டு. கூழால் இவற்றை ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியென்றால் சோறு எதற்கு?

முதலில் இரும்புச்சத்துக்கு. வயிற்றில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து சேர்த்துக்கொண்டு வந்த இரும்பு, நிறைமாதக் குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மாதம் வரும். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. அதனால் ஏழாம் மாதத்திலிருந்து உணவில்தான் வர வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த எண்ணைப் படித்த அன்றுதான், என் கவலை தூக்கத்திலிருந்து கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு மாறியது.

மெல்லவும் விழுங்கவும் பழகுவதற்கும், வீட்டுச் சாப்பாட்டின் ருசி தெரிவதற்கும், பால் மட்டும் போதாமல் போகும் சக்தியை ஈடுகட்டுவதற்கும் சோறு வேண்டும். ஆறு முதல் எட்டு மாதத்தில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு உணவிலிருந்து வர வேண்டியது நாளுக்குச் சுமார் 200 கலோரிதான். ஒன்பது மாதத்துக்கு மேல் 300. பாதிக்கு மேல் இன்னும் பாலிலிருந்துதான் வருகிறது. "ரெண்டு ஸ்பூன்தான் சாப்பிட்டான்" என்று முதல் மாதத்தில் கண் கலங்க வேண்டாம்.

அரசு கொடுக்கும் இரும்புச்சத்து டானிக்கையும் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இரண்டு நாள், ஒரு மில்லி. கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டால் சொல்வார்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

முதல் உணவு எது? ராகிப் பால் நல்லதா?

ராகிப் பால் நல்ல தொடக்கம். நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் 120 அளவுதான்.

நான் செய்தது இப்படி: ராகியை நாலு தண்ணீரில் களைந்து ராத்திரி ஊறவைத்தேன். காலையில் வடித்து, ஈரத் துணியில் இறுக்கிக் கட்டி ஒரு பாத்திரத்தில் மூடிவைத்தேன். வெயில் காலம் என்பதால் அடுத்த நாளே துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் ஊற்றிப் பிழிந்தால் சாம்பலும் ரோஜா நிறமும் கலந்த பால் வரும். சிறு தீயில் வைத்துக் கை எடுக்காமல் கிளறுங்கள். நாலைந்து நிமிடத்தில் சாக்லேட் நிறத்துக்கு மாறி, பளபளப்பு வந்து, கரண்டியில் ஒட்டும். அதுதான் பதம். அடிபிடித்தால் அந்தக் கசப்பு போகாது, கொட்டிவிட்டு மறுபடி செய்வதே மேல்.

முளைகட்டுவதில் ஒரு விஷயம் இருக்கிறது. முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. அதனால் அதிக மாவு போட்டாலும் கூழ் பிசின் மாதிரி இறுகாது, சின்ன வயிற்றுக்குள் அதிகச் சத்து போகும். இரும்பு உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் பொருளும் குறையும். நம் பாட்டிமார் காரணம் சொல்லாமலே செய்துவந்த வேலை இது.

ஆனால் ராகியோடு நின்றுவிடாதீர்கள். அதில் இரும்பு இருக்கிறது, ஆனால் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். ஒரு வாரம், பத்து நாளில் குழைந்த சோறு, பாசிப்பருப்பு, நெய், மசித்த பூசணி, கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, வாழைப்பழம், இட்லி என்று போய்விடலாம். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் காயவைத்த ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடியில் குறுக்கு என்னும் கூழ் காய்ச்சுவார்கள், அதுவும் நல்லது. பருப்பு சாதத்தில் ரெண்டு சொட்டு எலுமிச்சை, அல்லது பிறகு கொஞ்சம் கொய்யா மசித்துக் கொடுத்தால் பருப்பில் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

அசைவம் சாப்பிடும் வீடு என்றால் உங்களுக்கு வேலை இன்னும் சுலபம். சுவரொட்டியைப் பற்றித் தெரியாத தென்மாவட்ட அம்மா இருக்க முடியாது. ஆட்டின் மண்ணீரல் அது. தீயில் சுட்டோ ஆவியில் வேகவைத்தோ, உள்ளே சிவப்பு தெரியாமல் முழுதாக வெந்த பிறகு, மேல் தோலை உரித்து உள்ளிருப்பதை வழித்துச் சோற்றோடு மசித்துக் கொடுக்கலாம். வாரம் ஒரு தடவை ஒரு டீஸ்பூன் போதும்.

எவ்வளவு கொடுக்க வேண்டும்? எத்தனை வேளை?

முதலில் ஒரு நாளைக்கு ஒரு வேளை, ரெண்டு மூன்று ஸ்பூன். எட்டு மாதத்துக்குள் ரெண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் கால் லிட்டர் டம்ளரில் பாதி அளவு. ஒன்பதிலிருந்து பதினொன்று மாதத்தில் மூன்று நாலு வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் டம்ளர், முழு டம்ளர். இது ஒரு மட்டத்துக்குத்தான். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும், மறுநாள் வாயே திறக்காது.

அளவை விடக் கெட்டியைக் கவனியுங்கள். ஆறு ஏழு மாதக் குழந்தையின் வயிறு ஒரு நேரத்துக்கு இருநூறு மில்லி அளவுதான் கொள்ளும். அதில் பருப்புத் தண்ணியும் கஞ்சித் தண்ணியும் ஊற்றினால் வயிறு நிறைந்துவிடும், சத்து போகாது. பருப்பு வேகவைத்த பாத்திரத்தை எட்டிப் பாருங்கள், பருப்பு அடியில் உட்கார்ந்திருக்கும், மேலே இருப்பது மஞ்சள் நிறத் தண்ணீர். அந்த அடிப்பருப்பைத்தான் மசித்துக் கொடுக்க வேண்டும். ஸ்பூனைச் சாய்த்தால் உணவு உடனே வழியாமல் நிற்க வேண்டும். மேலே அரை ஸ்பூன் நெய்.

எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துக் கொடுக்கலாமா?

முதல் ரெண்டு மூன்று வாரத்துக்குச் சரி. அப்புறம் கையாலோ மத்தாலோ மசியுங்கள், எட்டு மாதத்தில் சின்னச் சின்னக் கட்டி இருக்கட்டும். பத்து மாதம் வரை கட்டியே காட்டாமல் வளர்த்த குழந்தைகள் பின்னால் சாப்பாட்டுக்கு அதிகம் படுத்துகின்றன என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. பல் இல்லையே என்கிறார்கள். ஈறால் நன்றாகவே மெல்லும், விரலை விட்டுப் பாருங்கள்.

உப்பு, சர்க்கரை, தேன், பசும்பால்?

ஒரு வயது வரை நாலும் வேண்டாம். உப்பு இல்லாமல் எப்படிச் சாப்பிடும் என்று நமக்குத்தான் தோன்றும். அதற்கு உப்பின் ருசியே தெரியாது. கருப்பட்டியும் பனங்கற்கண்டும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும்.

தேனில் உறுதியாக இருங்கள். தேனில் ஒரு வகைப் பாக்டீரியாவின் விதைகள் இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கினால் தசைகள் தளர்ந்து மூச்சே பாதிக்கும். நாக்கில் ஒரு சொட்டு தடவுகிற வழக்கம் உள்ள வீட்டில், "டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னு சொல்லிட்டார் அத்தை" என்று சொல்லுங்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், அத்தை அதற்குப் பிறகு தேன் பாட்டிலை எடுக்கவில்லை.

பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுத்தால் இரும்பு குறையும், சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தமும் கசியும். ஒரு வயதுக்குள் தயிர் கொஞ்சம் சோற்றில் பிசையலாம், குடிக்கப் பால் வேண்டாம்.

முட்டை, மீன், வேர்க்கடலை எப்போது?

ஆறு மாதம் முடிந்து, மற்ற உணவு பழகியதும் கொடுக்கலாம். ஒவ்வாமை வரும் என்று ஒரு வயதுக்கு மேல் தள்ளிப்போடச் சொன்னது பழைய பேச்சு. 2015-இல் வந்த ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமாக இருந்த குழந்தைகளுக்குச் சீக்கிரமே வேர்க்கடலை உணவு கொடுத்தபோது அந்த ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறைந்தது. முழுக் கடலை கூடாது. நன்றாக அரைத்துக் கூழில் கலக்க வேண்டும். முட்டை மஞ்சளும் வெள்ளையும் முழுதாக வெந்திருக்க வேண்டும். புதிதாகக் கொடுப்பதைக் காலையில் கொடுங்கள், ஒன்று கொடுத்து மூன்று நாள் பாருங்கள். தடிப்பு, முகம் வீக்கம், தொடர் வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. குழந்தைக்குக் கரப்பான் (தோலில் அரிப்போடு வரும் சொறி) அதிகமாக இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஓங்கரிப்பது வேறு, அடைத்துக்கொள்வது வேறு. ஓங்கரிக்கும்போது இருமும், சத்தம் வரும், முகம் சிவக்கும், உணவு முன்னால் வந்துவிடும். பழகும் குழந்தைக்கு இது சகஜம், விரலை விடாமல் பொறுத்திருங்கள். அடைத்துக்கொண்டால் சத்தமே வராது, அழ முடியாது, உதடு நீலமாகும். அப்போது குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்யுங்கள், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

முழுக் கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன், கெட்டியான கேரட் துண்டு இவற்றைக் கொடுக்காதீர்கள். படுத்தபடி ஊட்டாதீர்கள். அழும்போது ஊட்டாதீர்கள்.

வாயை மூடிக்கொள்கிறாள், துப்புகிறாள். என்ன செய்ய?

நிறுத்திவிடுங்கள். அடுத்த வேளை பார்க்கலாம். ஒரே உணவைப் பத்துத் தடவைக்கு மேல் காட்டிய பிறகு பிடித்துப்போகும் குழந்தைகள் உண்டு. காலைப் பிடித்து, மூக்கை மூடி ஊற்றுவதை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். புரையேறிவிடும், தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள். போன் காட்டி ஊட்டினால் வாய் திறக்கும், ஆனால் பசி தீர்ந்ததா என்று அதற்கே தெரியாமல் போகும். எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு இட்லித் துண்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

மலம் கட்டிவிட்டது.

கொதித்து ஆறிய தண்ணீர், சாப்பாட்டோடு ரெண்டு மூன்று மடக்கு. பப்பாளி, ஊறவைத்து மசித்த உலர்திராட்சை. பழுக்காத வாழைப்பழத்தை நிறுத்துங்கள். ரத்தம் வந்தாலோ வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

இந்த வயதில் எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?

நாலு மாதத்திலிருந்து ஒரு வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம். ராத்திரி ஒரே மூச்சாகத் தூங்க வேண்டும் என்பது இந்தக் கணக்கில் இல்லை.

ஐந்து மாதம் வரை நன்றாகத் தூங்கியவன், இப்போது மணிக்கொரு தரம் எழுகிறானே?

அவன் கெட்டுப்போகவில்லை. புரள்கிறான், தவழப் பார்க்கிறான், அந்தப் பயிற்சி தூக்கத்திலும் நடக்கும். எட்டு ஒன்பது மாதத்தில் அம்மா கண்ணில் படாவிட்டால் போய்விட்டாள் என்று பயம் வரும். எல்லாக் குழந்தையும் ஐம்பது நிமிடம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை லேசாக விழிக்கும். விழித்தால் தூங்கப்போகும்போது இருந்தது எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று தேடும். மார்பில் பாலோடு தூங்கிய குழந்தை அதைத் தேடும். ஆட்டத்தில் தூங்கியது ஆட்டத்தைத் தேடும்.

இதற்கு நான் செய்தது ஒன்றே ஒன்று. சின்னவனுக்குப் படுப்பதற்கு முந்தைய பாலை அரை மணி நேரம் முன்னதாக நகர்த்தினேன். பால் குடித்து முடிப்பான், வாயைத் துடைப்பேன், டிரஸ் மாற்றுவேன், விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு தாலாட்டு. முழுதாகத் தூங்கும் முன்பே பாயில் விட்டுவிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பேன். முதல் நாள் நாற்பது நிமிடம் முனகினான். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, என் சுண்டு விரலைப் பிடித்தபடி தானாகக் கண்ணை மூடினான். அதன் பிறகும் ராத்திரி ஒரு தடவை எழுந்தான். நாலு தடவை ஒரு தடவையானதே எனக்குப் பெரிய விடுதலை.

தூளியில் தூங்கவைக்கலாமா?

நம் வீடுகளில் தூளி இல்லாமல் குழந்தை வளர்ந்ததே இல்லை. சேலையின் வாசமும் ஆட்டமும் குழந்தையை நிமிடத்தில் அடக்கிவிடும். ஆனால் ரெண்டு விஷயம் பார்க்க வேண்டும். துணி குவிந்து, தாடை நெஞ்சில் ஒட்டுகிற மாதிரி குழந்தை மடங்கினால் மூச்சு தடைபடலாம். அப்புறம், புரளவும் எழுந்து உட்காரவும் தெரிந்துவிட்டால் விழும், துணி கழுத்தில் சுற்றும். ஆறு மாதம் ஏழு மாதத்தில் இந்த ஆபத்துதான் பெரிது.

பகலில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, குறுக்குக் கட்டை போட்டு விரித்த தூளியில் சின்னக் குழந்தை கொஞ்சம் தூங்கலாம். தூங்கியதும் பாய்க்கு மாற்றுங்கள். குழந்தை புரளவோ உட்காரவோ தொடங்கியதும் தூளியை அவிழ்த்துவிடுங்கள். தூளியோடு ராத்திரியில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஆட்டம் நின்றதும் விழிக்கும். எங்கள் வீட்டில் உத்தரத்து ஸ்பிரிங் கிரீச் கிரீச் என்று ரெண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் சத்தம் போட, தாத்தா ஒரு கையால் கயிற்றை இழுத்துக்கொண்டே உட்கார்ந்து தூங்குவார். ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால் ஒவ்வொரு நாளும் ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அசையாத தூளியில் தூங்கப் பழக்கி, அப்புறம் பாய்க்குக் கொண்டுவாருங்கள்.

எங்கே படுத்தாலும் மல்லாந்து படுக்கவையுங்கள். தானாகவே புரண்டு படுத்தால் சரி. அமுங்காத படுக்கை வேண்டும், முகத்துக்குப் பக்கத்தில் தலையணையும் தடித்த போர்வையும் வேண்டாம். அதே அறையில், தனிப் பாயிலோ தனித் தொட்டிலிலோ இருப்பது நல்லது. சோபாவில் குழந்தையோடு தூங்கவே கூடாது. புகை பிடித்தவர், குடித்தவர், தூக்க மாத்திரை போட்டவர் பக்கத்தில் குழந்தையைப் படுக்கவைக்காதீர்கள்.

ராத்திரிச் சாப்பாட்டை எத்தனை மணிக்குக் கொடுப்பது?

ஆறு, ஆறரை மணிக்கு. படுப்பதற்கு ஒன்றரை ரெண்டு மணி நேரம் முன்பு. ராத்திரி எட்டரைக்கு வயிறு முட்ட ஊட்டியது என் தப்பு. தூக்கக் கலக்கத்தில் ஊட்டினால் சரியாகவும் சாப்பிடாது, எதுக்களித்து அழும். வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைத் துடைத்து, டிவியை நிறுத்தி, பெரிய விளக்கை அணைத்து, தினமும் அதே வரிசையில் செய்யுங்கள். வேலை முடிந்து அப்பா எட்டரைக்கு வந்து தூக்கிப் போட்டு விளையாடும் வீடுகளில் இது கஷ்டம். அவரிடம் காலை நேரத்தைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் காலை ராகி ஊட்டுவது அவர் வேலையானது.

ராத்திரிப் பாலை நிறுத்தலாமா?

ஆறு மாதத்தில் அவசரம் வேண்டாம். ஒன்றிரண்டு தடவை பால் கேட்பது இயல்பு. எடை நன்றாக ஏறி, மூன்று வேளை சாப்பிடத் தொடங்கிய ஒன்பது பத்து மாதத்தில் மெல்லக் குறைக்கலாம். எழுந்ததும் உடனே மார்பைக் கொடுக்காமல் ஒரு நிமிடம் தட்டிக்கொடுத்துப் பாருங்கள், பாதி நேரம் தூங்கிவிடும். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிடாதீர்கள், பல் சொத்தையாகும்.

லீவு முடிந்து வேலைக்குப் போகிறேன். அன்றிலிருந்து ராத்திரி முழுக்கப் பால் கேட்கிறாள்.

தனியார் வேலையில் முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம். அதை முழுதும் பிரசவத்துக்குப் பிறகு எடுத்தாலும், சோறு ஆரம்பிக்கிற அதே வாரம் அம்மா வேலைக்குப் போகிறாள். இரண்டும் ஒன்றாக வந்தால் குழந்தை தடுமாறத்தான் செய்யும். பகலில் புட்டியையோ கிண்ணத்தையோ தள்ளிவிட்டு, ராத்திரி உங்களிடம் ஈடுகட்டிக்கொள்கிறாள். பால் மட்டும் இல்லை, உங்களையும் தேடுகிறாள்.

வேலைக்குப் போவதற்கு ரெண்டு வாரம் முன்பே பார்த்துக்கொள்பவர் கையால் பகல் உணவைப் பழக்குங்கள். போகும் முன் ஒரு தடவை, வந்ததும் முகம் கைகால் கழுவிவிட்டு உடனே ஒரு தடவை, அவசரமில்லாமல் மடியில் வைத்துப் பால் கொடுங்கள். பிழிந்து எடுத்த பாலை 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் நாலு மணி நேரம் வைக்கலாம். நம் ஊர் சித்திரை வெயிலில் அறையில் வைக்காதீர்கள், நேரே பிரிட்ஜ். அங்கே நாலு நாள் தாங்கும். இந்த ராத்திரிப் பிடிவாதம் சில வாரங்களில் தணியும்.

அழவிட்டால் தானாகத் தூங்கக் கற்றுக்கொள்ளும் என்கிறார்களே?

முழுதாக விட்டுவிடாமல், இடைவெளி விட்டுப் போய்ப் பார்க்கும் முறையையும், பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல விலகும் முறையையும் மெல்போர்னில் 326 குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஆறு வயதில் பார்த்தபோது அந்தக் குழந்தைகளுக்குக் கெடுதல் எதுவும் இல்லை, நீடித்த நன்மையும் இல்லை. ஆகவே செய்தவர்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம், செய்யாதவர்கள் எதையும் இழக்கவில்லை. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அழவிடுவது நடக்காத காரியம், எனக்கும் மனம் வரவில்லை. மேலே சொன்ன மாதிரி பக்கத்தில் படுத்துப் பழக்குவதே எங்களுக்கு ஒத்துவந்தது.

கிரைப் வாட்டர், உரை மருந்து, சளி மருந்து கொடுத்தால் தூங்குமா?

தூக்கத்துக்காக எந்த மருந்தும் கொடுக்காதீர்கள். வசம்பை உரசி ஊற்றுவதும் வேண்டாம். மூக்கொழுகும் குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்பில் தூக்கம் வரும் என்று அதையே வழக்கமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சளிக்கான இரண்டு மருந்து சேர்ந்த ஒரு கலவையை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

எடை ரெண்டு மாதம் ஏறாமல் நின்றால். வெளிறிப்போய், விளையாடாமல் சோர்ந்து கிடந்தால். தூக்கத்தில் தினமும் குறட்டை விட்டாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ. எட்டு ஒன்பது மாதத்திலும் எதையும் விழுங்க மறுத்தால். ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் வாந்தி எடுத்தால். காய்ச்சலோடு பால் குடிக்க மறுத்தால் அன்றைக்கே.

அம்மாவுக்காகவும் போகலாம். குழந்தை தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, குழந்தையைத் தூக்கவே மனமில்லை என்றால் வீட்டில் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். இதற்கு மருத்துவம் இருக்கிறது. அன்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை குழந்தையை அம்மாவோ மாமியாரோ கணவரோ வைத்துக்கொள்ளட்டும். ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள்.